ஆனைக்குட்டத்துச் செவ்வாயில் நடந்தவள்

கதாநாயகி ரோஷினி செவ்வாய் கிரகத்தை விட்டுக் கிளம்பிப் போனது மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், பகல் பன்னிரண்டே கால் மணிக்கு. ராக்கெட் எதுவும் தேவைப்படவில்லை. வெள்ளை இன்னோவா போதுமானதாக இருந்தது. கண்ணாடியை ஏற்றி, ஏசியைக் கூட்டச் சொல்லி, விருதுநகர் வந்து நாலுவழிச் சாலையைப் பிடித்து, இரண்டு மணிக்கெல்லாம் மதுரை விமான நிலையத்தில் இருந்தார். செவ்வாயில் கால் பதித்த முதல் மனுஷி அந்தக் கிரகத்தில் இருந்த மொத்த நேரம் இரண்டு மணி நாற்பது நிமிடம். அதில் ஒன்றரை மணி நேரம் கேரவனுக்குள் கழிந்தது.

அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த நாள் அது. விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு பதினைந்து எட்டு வைத்தவருக்குக் கண் இருட்டிவிட்டது. தாங்கிப் பிடித்து, தலைக்கவசத்தைக் கழற்றி, இளநீர் கொடுத்தார்கள். பாதி குடித்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "இந்த ஊர்ல மனுஷங்க எப்படித்தான் இருக்காங்க?" என்பது. அருகில் நின்ற உள்ளூர்க்காரர்கள் யாரும் அப்படி உட்கார்ந்து யோசித்ததில்லை.

அந்தச் செவ்வாய் கிரகம் ஆனைக்குட்டம் அணைக்கு அந்தப் பக்கம், பதினோரு ஏக்கர் தரிசில் இருந்தது. தொலைக்காட்சித் தொடருக்காக, உயிர்கள் வாழத் தகுதியில்லாத ஓர் இடத்தைத் தேடி ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பார்த்த சென்னைக் குழு, கடைசியில் விருதுநகர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. இதை நிலத்துச் சொந்தக்காரரிடமே சொல்லிக் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். முப்பது வருசம் அதே நிலத்தில் பருத்தி போட்டவர் அவர். என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சிரித்தார்.

ஒரே ஒரு குறை. கிரகம் சிவப்பு, மண் கருப்பு. கரிசலைச் சிவப்பாக்க செங்கல் சூளைகளிலிருந்து நாற்பது லோடு செங்கல் தூள் வந்து இறங்கியது. மேல்காற்று அடித்தபோது பாதிச் செவ்வாய் பறந்து போய்ப் பக்கத்து ஊர்க் கொடிகளில் காய்ந்த வேட்டி சேலையில் படிந்தது. விண்கலத்தை ஒட்டுப்பலகையில் செய்து, மேலே சிவகாசி அச்சகத்தில் மிச்சம் கிடந்த வெள்ளித்தாளை ஒட்டியிருந்தார்கள். மிக அருகில் போய்ப் பார்த்தால் கலத்தின் வயிற்றில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியின் பெயர் மங்கலாகத் தெரியும். யாரையும் அவ்வளவு அருகில் விடவில்லை.

தொடரின் பெயர் 'ஆகாய மருமகள்'. அகிலா என்ற விஞ்ஞானி கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்படுகிறாள். அவளும் கணவனும் இன்னொருத்தியுமாக மூன்று பேர் செவ்வாய்க்குக் கிளம்புகிறார்கள். இன்னொருத்தி எதற்கு என்று தொடர் பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலம் பூமியைத் தாண்டிய பிறகு, உணவு அறையில் நாலாவதாக மாமியார் ஒளிந்திருப்பது தெரியவருகிறது. அதுவரை குழப்பமாக இருந்த விண்வெளி ஆராய்ச்சி அந்த வாரத்திலிருந்துதான் மக்களுக்குப் புரிய ஆரம்பித்தது. செவ்வாய்க்குப் போய்ச்சேர ஏழு மாதம் ஆகும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அகிலாவுக்கு ஒன்பது மாதம் ஆனது. நடுவில் மாமியாருக்கு இரண்டு தடவை நெஞ்சு வலி, ஒரு வளைகாப்பு, ஒரு நகைத் திருட்டு. எடையே இல்லாத கலத்துக்குள் ஒரு புடவை கூட மேலே மிதக்கவில்லை. மாமியாரின் கண்டிப்புதான் காரணமாக இருக்க வேண்டும்.

கிரகத்துக் காட்சிகளை மட்டும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டார்கள். ரோஷினி இன்னோவா ஏறியது அப்போதுதான். அதைப் பார்த்தவர்கள் ஐந்தே பேர்: இயக்குநர், ஒளிப்பதிவாளர், உடை மாட்டிவிடும் பெண், தயாரிப்பு மேலாளர் ஸ்ரீராம்குமார், விளக்குமாறும் கையுமாக நின்ற முருகேஸ்வரி.

முருகேஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. ஊர் அச்சங்குளம். பதினெட்டு வருசமாகப் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். லைசென்ஸ் புதுப்பிக்கிறார்கள் என்று அந்த மே மாதம் கம்பெனி மூன்று வாரம் மூடிக் கிடந்ததால், ஒப்பந்தக்காரரின் வேனில் ஏறி இங்கே வந்திருந்தாள். அவளுக்குக் கொடுத்திருந்த வேலை காலடி அழிப்பது. மனிதக் கால் படாத மண் என்று காட்ட வேண்டிய இடத்தில் நூற்று முப்பது பேர் செருப்போடு நடமாடினார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், பின்பக்கமாக நடந்துகொண்டே தூளைக் கூட்டிவிட வேண்டும். மற்ற பெண்கள் தூக்குவாளியோடு வேலிக்கருவை நிழலுக்குப் போய்விட்டார்கள். கேரவன் பக்கம் கொஞ்சம் பாக்கி இருந்ததால் இவள் மட்டும் நின்றாள்.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஸ்ரீராம்குமார் நிமிர்ந்தபோது அவள் நேர் எதிரே இருந்தாள். அவன் பார்வை அவள் உச்சந்தலையிலிருந்து பாதம் வரை இறங்கி, மறுபடி ஏறியது.

"அக்கா, இங்க வாங்க. செருப்பைக் கழட்டிட்டு நேரா நில்லுங்க."

"எதுக்குங்க?"

"உயரம் பாக்கணும்."

ஆளை நிறுத்தி உயரம் பார்ப்பது முருகேஸ்வரிக்குத் தெரிந்து இரண்டு காரியத்துக்குத்தான். ஒன்று போலீஸ் வேலை. இன்னொன்று பாடை கட்டுவது. அதை அவள் நினைக்க விரும்பவில்லை.

"நா இன்னும் சாப்பிடலங்க. போயிட்டு வந்திருதேன்."

"பயப்படாதீங்க அக்கா. இந்த டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு நடக்கணும், அவ்வளவுதான். முகம் தெரியாது. மேடம் உயரமும் உங்க உயரமும் ஒண்ணு."

முருகேஸ்வரி அந்த வெள்ளை உடையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது நைலான்லங்க?"

"ஆமா. ஏன்?"

"நைலானைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போகக் கூடாதுங்க. உரசுனா நெருப்புப் பிடிக்கும்."

"அக்கா, இது செவ்வாய் கிரகம். இங்க ஆக்சிஜனே கிடையாது. நெருப்பு எப்படிப் பிடிக்கும்?"

முருகேஸ்வரி சுற்றிப் பார்த்தாள். இருபது அடி தள்ளி சமையல்காரர் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சாம்பார் கொதித்தது. பெரிய மனிதர்களிடம் எதிர்த்துப் பேச வேண்டாமென்று உடைக்குள் காலை விட்டாள்.

உடை மாட்டிவிட்ட பெண் இன்னொரு இளநீரை வெட்டி வைத்துக்கொண்டு, எப்போது விழுவாள் என்று காத்திருந்தாள். முருகேஸ்வரி ஏணியில் இறங்கினாள், நடந்தாள், கல் பொறுக்கினாள், வானத்தைப் பார்த்தாள். நாற்பது நிமிடம் கழித்துத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது, "அம்புட்டுத்தானா?" என்று கேட்டாள். மின்சாரம் ஆகாதென்பதால் மின்விசிறிக்கே இடமில்லாத அறையில் பதினெட்டு கோடைகாலம் உட்கார்ந்து எழுந்தவள். செவ்வாய் அவளுக்குக் கொஞ்சம் காற்றோட்டமாகவே இருந்தது. இளநீரை ஸ்ரீராம்குமார் குடித்தான்.

அன்று சாயங்காலமே ஸ்ரீராம்குமாரிடமிருந்து நிபந்தனை வந்தது. ரோஷினி போனது சேனலுக்குத் தெரியக் கூடாது. முகம் தெரியும் காட்சிகளை அவர் சென்னையில் ஏசி அரங்கில் நடித்துக்கொள்வார். கேரவனுக்குள் போய் உடை மாற்றிக்கொண்டு வருவது முருகேஸ்வரி என்று கூட வேலை செய்கிறவர்களுக்குக்கூடத் தெரியக் கூடாது.

"யாராவது கேட்டா, மேடத்துக்குக் குடை பிடிக்கிறேன்னு சொல்லுங்க."

"வீட்டுலயும் அப்படித்தான் சொல்லணுமா?"

"வீட்டுலதான் முக்கியமா."

முருகேஸ்வரி உடையை மடித்து அவனிடம் நீட்டினாள். "எம்பேரு வருமாங்க? டிவியில, கடைசியில ஓடுமே, அதுல?"

ஸ்ரீராம்குமாருக்கு ஆச்சரியம். இதுவரை யாரும் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று கூடுதலாகக் கேட்டதைத் தவிர வேறெதுவும் அவனிடம் கேட்டதில்லை. "வரும்க்கா. கடைசி எபிசோடுல, திரை முழுக்க உங்க பேரு மட்டும். சத்தியம்" என்றான். சத்தியத்தைக் கேமராப் பெட்டியின் தலையில் அடித்துச் செய்தான்.

மொத்தம் பத்தொன்பது நாள் முருகேஸ்வரி செவ்வாயில் நடந்தாள். அவளிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. காரணம் யாருடைய சதியும் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் போனும் தீப்பெட்டியும் வாசலோடு சரி. உள்ளே கொண்டுபோக முடியாது. முதல் நாள் காலை வேனை விட்டு இறங்கியதும், வண்டிகளை ஒழுங்குபடுத்த நின்ற காவலாளியிடம் போனை அணைத்து நீட்டிவிட்டாள். எதற்கென்று புரியாமலே அவரும் வாங்கி வைத்துக்கொண்டார். பத்தொன்பது நாளும் அப்படியே. மற்ற நூற்று முப்பது பேரும் விண்கலத்தின் முன்னால், மேல், கீழ் என்று நின்று படம் எடுத்துத் தள்ளினார்கள். சமையல்காரர் கரண்டியோடு எடுத்த படத்தில், பின்னால் வெள்ளை உடையில் யாரோ போகிறார்கள். கேட்டால் ரோஷினி என்பார்.

நாலாம் நாள் அவள் கை இன்னொரு காரியம் செய்தது. தூசிப் புயல் வீச, அகிலா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விண்கலத்துக்குள் ஓட வேண்டும். ராட்சத மின்விசிறிகள் செங்கல் தூளை வாரி அடித்தன. முருகேஸ்வரி ஓடி வந்தாள். வாசலில் நின்றாள். இரண்டு பூட்ஸையும் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். கதவோரம் அலங்காரத்துக்கு அடித்திருந்த பித்தளைத் தகட்டில் உள்ளங்கையைப் பதித்து, ஒரு மூச்சு நேரம் நின்று, அதன் பிறகு உள்ளே போனாள்.

பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறைக்குள் நுழைகிற யாரும் செய்வது அதுதான். செருப்பை வெளியே விட வேண்டும். வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். பதினெட்டு வருசம் செய்த காரியத்தைச் செய்யும்போது உடம்பு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

இயக்குநர் 'கட்' சொல்ல மறந்து நின்றார். பிறகு உதவியாளர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. செங்கல் தூளாகவும் இருக்கலாம். "பாத்தீங்களா? கலத்தை அவ கோயிலா பாக்கிறா" என்றார்.

"கோயிலு இல்லங்க, உடம்புல கரண்டு இருக்கும்" என்று முருகேஸ்வரி தலைக்கவசத்துக்குள்ளிருந்து சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. செவ்வாயின் காற்றில் பூட்ஸைக் கழற்றினால் ஆள் என்ன ஆவாள் என்ற கேள்வியும் எழவில்லை.

அவள் வீடும், அவள் கணவன் இசக்கிப்பாண்டியின் அக்கா செல்லத்தாயின் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இசக்கிப்பாண்டி சிவகாசி அச்சகத்தில் காலண்டர் தாள் வெட்டுகிறவன். செல்லத்தாய் இரண்டு பசுமாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். பதினேழு வருசத்துக்கு முன்னால் தம்பிக்குப் பெண் பார்த்தவளும் அவள்தான். நாலு இடம் பார்த்து, நாலாவதாக முருகேஸ்வரியைப் பிடித்துப்போய் அவள் சொன்ன காரணம் ஊரறிந்தது: "பிள்ளைக்கு வாயில பொய் வராது. மத்ததெல்லாம் நாம பாத்துக்கிடலாம்."

அந்த வாயால்தான் மே மாதம் முருகேஸ்வரி, "குடை பிடிக்கேன் மதினி" என்று சொல்லியிருந்தாள். செல்லத்தாய் உடனே நம்பினாள். பதினேழு வருசத்தில் முருகேஸ்வரி சொன்ன முதல் பொய் அது. எல்லாரும் முழு மனசோடு அதைத்தான் நம்பினார்கள்.

மாதங்கள் போய்ப் பிப்ரவரியில் அகிலா செவ்வாயில் இறங்கினாள். தினமும் ஏழு மணிக்கு இரண்டு பெண்களும் செல்லத்தாய் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். முதல் மூன்று நாள் முருகேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தன் கால் நடக்கிறது, தன் கை கல் பொறுக்குகிறது, ரோஷினியின் குரல் மூச்சு வாங்குகிறது. நாலாம் நாள் தூசிப் புயல் வந்தது. அகிலா பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனதும் செல்லத்தாய் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"என்ன பிள்ளைடி! உசிரு போற நேரத்துலயும் செருப்பைக் களட்டிட்டு உள்ள போறா பாரு. நீயும் இருக்கியே, அடுப்படி வரைக்கும் செருப்போட வார."

அதுவரை பொறுத்தவளுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

"மதினி, அது நாந்தான்."

"எது?"

"அந்தா, செருப்பைக் களட்டுனது."

செல்லத்தாய் டிவியைப் பார்த்தாள். பிறகு இவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஒடம்பு சுடலையே."

"நெசமாத்தான் மதினி. ரோஷினி மொத நாளே ஓடிப்போச்சு. பத்தொன்பது நாளும் நாந்தான் அந்தச் சட்டைக்குள்ள."

"நீ குடை பிடிச்சேன்னுல்லா சொன்ன?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாக. அதான் அப்படிச் சொன்னேன்."

"அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யி."

"ஆமா."

"இன்னைக்குச் சொல்லுதது நெசம்."

"ஆமா மதினி."

"போட்டோ இருக்கா?"

"போனை வாசல்ல குடுத்துட்டேன்."

"கேட்டாகளா?"

"யாரும் கேக்கல."

செல்லத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். முருகேஸ்வரி விடவில்லை. "அந்தத் தகட்டுல கை வச்சேனே, பாத்தீகள்லா? நம்ம கம்பெனிப் பளக்கம்லா அது?"

"நம்மூருல பாதிப்பேரு கை வைக்கத்தான் செய்தாக. அம்புட்டுப் பேருமா செவ்வாய்க்குப் போயிட்டு வந்தாக?" சிரிப்பு நின்றது. "ஏ முருகு, பெருமை அடிச்சிக்கிடு, வேண்டாங்கல. எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஏன் பொய் சொல்லுத? எம்புட்டு நாளா இந்தப் பளக்கம்? இன்னும் என்னென்ன சொல்லி வச்சிருக்க?"

"மதினி, எம்பிள்ளைக மேல..."

"பிள்ளைகள இழுக்காத!"

செல்லத்தாய் எழுந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கேபிள் இணைப்பு. செல்லத்தாய் வீட்டிலிருந்து சுவர்த் துளை வழியாக முருகேஸ்வரி வீட்டுக்கு வயர் போகும். அதைப் பிடுங்கித் துளைக்குள் திணித்துவிட்டாள். மனித வரலாற்றில் ஒரு விண்வெளிப் பயணிக்குப் பூமியோடு தொடர்பு அறுந்தது இப்படியாகத்தான் இருக்கும். மிச்ச நாள் தான் நடந்ததை முருகேஸ்வரி சுவரில் காது வைத்துக் கேட்டாள். நடப்பதைக் கேட்க முடியாது. இசைதான் கேட்டது.

மறுநாள் காலைப் பாலோடு செய்தியும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. கம்பெனி வேனில் ஏறியதும், "ஏ, செவ்வாக்காரி வந்துட்டா, எந்திரிச்சு எடம் விடுங்கடி" என்றார்கள். ஃபோர்மேன் நாகையா கைகட்டி நின்று, "ஏத்தா, அங்கன தீபாவளி சீசன் எப்படி? ஒரு லோடு அனுப்பிப் பாப்பமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போகிற பேச்சுதான். ஆனால் வாரம் ஆக ஆக, அவள் சொல்கிற எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு வால் முளைத்தது. "தலை வலிக்கு" என்றால் "நெசமாவா?" என்றார்கள். "நாளைக்கு லீவு, மகளுக்குக் காய்ச்சல்" என்றால், "எந்த ஊரு ஆஸ்பத்திரி, பூமியிலயா?" என்றார்கள். சொல்வதை ஒரு தடவை சொன்னால் போதும் என்று முப்பத்தாறு வருசம் இருந்தவள் இப்போது இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை சொல்லும்போது அவளுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

இதே நேரத்தில் சென்னையில் ரோஷினி ஒரு பேட்டி கொடுத்தார். விண்வெளி வீரர்களின் பழக்கவழக்கங்களை ஆறு மாதம் ஆராய்ந்துதான் கலத்தை வணங்கும் அந்த முறையைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார். வெயில் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "கலைக்கு முன்னாடி வெயில் என்னங்க!" என்றார்.

கணவன் இசக்கிப்பாண்டி எந்தப் பக்கமும் சேரவில்லை. "நீங்களாவது நம்புதீகளா?" என்று அவள் கேட்டபோது, "நீ சொன்னா சரிதான்" என்றான். அதையே அக்காவிடமும் சொன்னான். தினம் ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததைக் காட்டும் காலண்டர்களோடு பழகிப் பழகி அவனும் அப்படி ஆகியிருந்தான்.

முருகேஸ்வரிக்கு மிச்சமிருந்தது அந்தக் கடைசி எபிசோடு ஒன்றுதான். திரை முழுக்கப் பெயர் வரும். மதினி படிப்பாள். அத்தோடு முடிந்தது. அதற்காக அவள் நாள் எண்ணினாள். சேனலும் எண்ணிக்கொண்டிருந்தது, பார்க்கிறவர்களின் தலையை. ஏப்ரலில் மாமியாரைச் செவ்வாயில் சாகடித்தார்கள். அதோடு பாதிப்பேர் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை அகிலா கலத்தின் வாசலில் நின்று பூமியைப் பார்த்தாள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு அதே இடத்தில் சமையல் போட்டி ஆரம்பித்தது. மூன்று பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவர யாரும் முயற்சி எடுத்ததாகத் தெரியவில்லை.

முருகேஸ்வரி ஒன்பது தடவை கூப்பிட்ட பிறகு ஸ்ரீராம்குமார் போனை எடுத்தான்.

"அக்கா, மிஷன் கேன்சல் ஆயிடுச்சு."

"அப்ப எம்பேரு?"

"கடைசி எபிசோடே வரலையே அக்கா. வராத எபிசோடுல நான் எப்படிப் பேரு போட?"

அதில் ஒரு தவறும் கண்டுபிடிக்க முடியவில்லை. "பேரு போகட்டுங்க. எங்க மதினிகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போன்ல சொன்னாப் போதும். முருகேஸ்வரிதான் நடந்தான்னு."

"அய்யய்யோ, அது முடியாதுக்கா. மேடத்துக்கு இப்பத்தான் விருது அறிவிச்சிருக்காங்க. சிறந்த உடல்மொழிக்கு."

"எந்த உடலுக்கு?" என்று கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியபோது அவன் வைத்துவிட்டிருந்தான்.

அதன் பிறகு அவள் செவ்வாய் பற்றிப் பேசவில்லை. செல்லத்தாய் எது பற்றியும் பேசவில்லை. ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே தெரு, ஒரே கோயில் கொடைத் திருவிழா. எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். செல்லத்தாயின் மாடு கன்று போட்டபோது, பதினேழு வருசத்தில் முதல் முறையாகச் சீம்பால் சுவரைத் தாண்டி வரவில்லை. முருகேஸ்வரியின் மகள் பெரியவளானபோது அத்தை வந்தாள், முறையெல்லாம் குறைவில்லாமல் செய்தாள், தாயைப் பார்க்காமல் போனாள். அன்று மட்டும் முருகேஸ்வரி அடுப்படியில் நின்று அழுதாள். தாளிக்கிற புகை என்று சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

செவ்வாய் எவ்வளவு தள்ளிப் போயிருந்தாலும் அங்கிருந்து ஒரு செய்தி பூமிக்கு வர இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாதாம். சுவருக்கு அந்தப் பக்கம், பதினோரு அடி தூரத்திலிருந்து வந்த இந்தச் செய்திக்கு ஒரு வருசமும் ஏழு மாதமும் ஆனது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முருகேஸ்வரி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போன் சத்தம் போட்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்தாள். குரல் பதிவு, ஒரு நிமிடத்துக்கும் மேல். பின்னணியில் மாடு ஒன்று கத்தியது. அதே மாடு சுவருக்கு மேலாகவும் கத்தியது.

"ஏ முருகு, நாந்தான். இந்தப் போன்ல அந்த நாடகத்துல வெட்டிப் போட்டதையெல்லாம் விட்டிருக்கானுவ. டிவியில காட்டாததாம். பாத்துக்கிட்டிருந்தேன். அதுல அந்தச் சட்டைக்காரி கல்லு தடுக்கி மொகங்குப்புற விளுதா. விளுந்தவ எந்திரிக்கல. மொதல்ல இங்கிட்டுப் பாக்கா, அங்கிட்டுப் பாக்கா, எவனும் பாத்துட்டானோன்னு. பெறகுதான் மண்ணைத் தட்டிக்கிட்டு எந்திரிக்கா. ஏட்டி, செவ்வாயில எவன் இருக்கான் பாக்குறதுக்கு? கோயில் கொடையில மாவெளக்கோட வளுக்கி விளுந்தியே, அன்னைக்கும் இதே கூத்துதான பண்ணுன? ஆஸ்பத்திரிப் படியில விளுந்தப்பவும் அப்படித்தான். உசிரு இருக்கான்னு பாக்க மாட்ட, எவன் பாத்தான்னுதான் பாப்ப. எத்தனை வருசமா பாக்கேன், ஒலகத்துல வேற ஒருத்தி இப்படிப் பாக்க மாட்டா. நாலு வாட்டி போட்டுப் பாத்துட்டேன். நீதான். சாயங்காலம் வா, நெய் உருக்கி வச்சிருக்கேன், பிள்ளைக்கு எடுத்துக்கிட்டுப் போ. ஆனா ஒண்ணு இப்பவே சொல்லிப்புடுதேன். விளுந்தது நீதான்னு நம்புதேன். நடந்தது யாருன்னு இன்னும் யோசிக்கணும்."